டிஸ்கர்சிவ்: ஒரு சொல், இரண்டு ஓட்டம்

போன வாரம் ஒரு தத்துவக் கட்டுரையைத் தமிழாக்கும்போது 'டிஸ்கர்சிவ் ரீசனிங்' (discursive reasoning) என்று ஆங்கிலத்தில் வந்தது. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து 'தடம் மாறி அலையும் தர்க்கம்' என்று எழுதிவிட்டேன். மறுநாள் வாசித்தால் பத்தியே தலைகீழாக நிற்கிறது.

முதலில் வேர். லத்தீனில் 'டிஸ்' என்றால் பல பக்கமாக, 'குர்ரேரே' என்றால் ஓடுதல். கர்சர், எக்ஸ்கர்ஷன் எல்லாம் இந்த ஓட்டத்தில் பிறந்தவைதான்.

ஓட்டம் இரண்டு வகை. ஒன்று எங்கள் ஆச்சியின் பேச்சு. "பத்தமடைக்குப் பாய் வாங்கப் போனோம்லா" என்று ஆரம்பிப்பாள். சேரன்மகாதேவியில் பஸ் நின்றது, அங்கே ஏறிய மைனி, மைனி மகள் கல்யாணத்துக்கு மறுநாள் வைத்த சொதி, அதற்குத் தேங்காய்ப்பால் எடுத்த பக்குவம் என்று போகும். பாய் என்ன விலை என்பது கடைசி வரை வராது. ஆனால் கேட்கச் சுகமாக இருக்கும். இந்தச் சொல்லும் அப்படித்தான், எப்போதும் வசை இல்லை.

மற்றது காரணத்தைப் பிடித்துப் போகும் ஓட்டம். பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள். அப்படியானால் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வரும். வந்தால் நாற்றுப் பாவலாம். சட்டென்று மனதில் படும் உள்ளுணர்வுக்கு இது எதிர்ப்பக்கம்.

அடுத்த படியில்தான் நான் சறுக்கினேன், நிதானமாகப் பாருங்கள். பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல் எது? கடிதம், பேச்சு, நடை என்றால் பெரும்பாலும் ஆச்சியின் ஓட்டம். அறிவு, சிந்தனை, தர்க்கம் என்றால் கால்வாய் ஓட்டம். 'இன்ட்யூட்டிவ்' (உள்ளுணர்வு சார்ந்த) என்ற சொல்லும் அருகில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். என் வரியை 'படிப்படியாக அனுமானித்துச் செல்லும் தர்க்கம்' என்று மாற்றினேன், பத்தி நேராகிவிட்டது.

ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல் தரும் ஆப்பை இதற்கு நம்பாதீர்கள். எனக்குப் பிடித்தது மெரியம்-வெப்ஸ்டர் ஆங்கில அகராதி. பொருள்களை எண் போட்டுப் பிரித்திருக்கும்.

பின்சேர்க்கை: 'டிஸ்கர்சிவ் எஸ்ஸே' பற்றி ஒரு தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அங்கே மனம் போன போக்கில் எழுதினால் மார்க் போய்விடும். ஒரு பிரச்சினையின் இரு பக்கத்தையும் எடுத்து வாதிக்கும் கட்டுரை அது. அப்புறம், சமூகவியல் நூல்களில் வந்தால் இந்த இரண்டுமே பொருந்தாது. 'டிஸ்கோர்ஸ்' என்பதன் பெயரடையாக 'சொல்லாடல் சார்ந்த' என்று எழுதுங்கள்.