டிரான்ஸ்ஃபர் பேப்பர் வைத்து வீட்டிலேயே டி-ஷர்ட் பிரிண்ட் செய்வது எப்படி?

பிறந்தநாளுக்கு ஒரு டி-ஷர்ட், அதில் ஒரு பெயர், கூடவே குழந்தை வரைந்த படம் ஒன்று. இப்படி ஒன்றே ஒன்று வேண்டும் என்றால் அச்சடித்துத் தருபவர்களைத் தேடி அலைவதைவிட நாமே செய்துகொள்வது எளிது. ஒரு இங்க்ஜெட் பிரிண்டர், ஒரு அயர்ன் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் பேப்பர், ஒரு டி-ஷர்ட், அவ்வளவுதான் தேவை. இதற்கு முன் ஒருமுறைகூட செய்யாதவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், அதனால் சில இடங்களில் கொஞ்சம் நீட்டி முழக்கத்தான் செய்வேன்.

முதலில் இது எப்படி ஒட்டுகிறது என்று பார்த்துவிடலாம், அது புரிந்தால் பாதி சந்தேகங்கள் தானாகத் தீர்ந்துவிடும். பேப்பரின் ஒரு பக்கத்தில் சூட்டில் இளகும் பிளாஸ்டிக் படலம் பூசியிருக்கும். பிரிண்டர் அந்தப் படலத்தின் மேல்தான் மையைத் தெளிக்கிறது. சூடும் அழுத்தமும் சேரும்போது படலம் இளகி நூலிழைகளுக்கு இடையில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், பின்னால் இருக்கும் தாளை உரித்துவிடலாம். துணியைப் பிடித்திருப்பது இந்தப் படலம், மை அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. இரண்டு துவையலில் படம் உரிந்து வந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் பேப்பரைத் திட்டுவார்கள். என்னைக் கேட்டால், தப்பு பெரும்பாலும் அயர்ன் செய்த விதத்தில்தான் இருக்கும்.

பேப்பர் வாங்கும்போது

இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, இங்க்ஜெட்டுக்கா லேசருக்கா என்பது. இங்க்ஜெட் பேப்பரைத் தப்பித்தவறியும் லேசர் பிரிண்டரில் விடாதீர்கள். லேசர் பிரிண்டர் தூள் மையைச் சூட்டால் உருக்கித்தான் தாளில் ஒட்டுகிறது, அந்தச் சூட்டில் படலமும் இளகி உள்ளே இருக்கும் உருளையில் ஒட்டிக்கொண்டால் பிரிண்டரே வீணாகிவிடும். லேசருக்கென்று தனியாகப் பேப்பர் வருகிறது, அதுதான் வேண்டும்.

இரண்டாவது, வெளிர் நிறத் துணிக்கான பேப்பரா, அடர் நிறத் துணிக்கான பேப்பரா என்பது. இது வெறும் பெயர் வித்தியாசம் என்று நினைத்துவிட வேண்டாம், செய்முறையே தலைகீழாக மாறும். வெளிர் நிறப் பேப்பரில் படலம் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது என்பதால், படத்தில் எங்கெல்லாம் வெள்ளை இருக்கிறதோ அங்கெல்லாம் துணியின் நிறம்தான் தெரியும். வெள்ளைத் துணியில் பிரச்சினை இல்லை. மஞ்சள் துணியில் முகம் உள்ள போட்டோவைப் போட்டால் ஆளுக்கு மஞ்சள் காமாலை வந்த மாதிரி ஆகிவிடும். கறுப்புத் துணியில் ஒன்றுமே தெரியாது. அடர் நிறப் பேப்பரில் படலம் வெள்ளையாக, ஒளி புகாததாக இருக்கும், அதனால் எந்த நிறத்தின் மேலும் படம் எடுப்பாகத் தெரியும். ஆனால் தடிமன் அதிகம், நெஞ்சில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிய உணர்வு இருக்கும், காற்றும் புகாது. முதல் முயற்சிக்கு வெள்ளை டி-ஷர்ட்டும் வெளிர் நிறப் பேப்பரும் எடுங்கள் என்பேன்.

துணி

100% காட்டன் நல்லது, காட்டன் அதிகம் கலந்த பாலியஸ்டரும் பரவாயில்லை. முழு பாலியஸ்டர் வேண்டாம்: அதற்கு அயர்ன் பாக்ஸில் இரண்டு புள்ளி, அதாவது 150 டிகிரி அளவுக்குத்தான் சூடு தாங்கும், நமக்கோ காட்டனுக்கான மூன்று புள்ளி, ஏறத்தாழ 200 டிகிரி தேவைப்படும். நைலான் பக்கமே போக வேண்டாம்.

புது டி-ஷர்ட்டை அப்படியே எடுத்து ஒட்டாமல் ஒருமுறை துவைத்துக் காயவையுங்கள். புதுத் துணியில் இருக்கும் கஞ்சிப் பூச்சு போய்விடும், சுருங்குவதும் முன்னாலேயே சுருங்கிவிடும். ஒட்டிய பிறகு துணி சுருங்கினால் படலம் கூடவே சுருங்காது, மேலே சுருக்கம் விழுந்து நிற்கும். மென்மையாக்கும் திரவம் எதையும் சேர்க்காதீர்கள், அது இழைகளின் மேல் ஒரு வழவழப்பை விட்டுப்போகும், படலம் சரியாகப் பிடிக்காது.

படம் தயார் செய்வது

தெளிவு முக்கியம். 20 செ.மீ. அகலத்தில் படம் வேண்டும் என்றால், அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் சுமார் 2360 பிக்சல் அகலம் இருக்க வேண்டும். துணியின் நெசவு நுணுக்கங்களை எப்படியும் கொஞ்சம் விழுங்கிவிடும் என்பதால் அதில் பாதி இருந்தாலும் ஒப்பேற்றலாம். அதற்குக் கீழே போனால் கட்டம் கட்டமாகத் தெரியும். செயலிகளில் கைமாறி வந்த போட்டோ பெரும்பாலும் சுருக்கப்பட்டிருக்கும், எடுத்தவரிடம் அசலைக் கேட்டு வாங்குங்கள்.

எழுத்து போடுவதாக இருந்தால் தடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய கோடுகள்தான் முதலில் விரிசல் விடும். தமிழில் எழுதுகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும், சில படம் திருத்தும் மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி, எழுத்துக்கள் பிரிந்து போய்விடும். அப்படி ஆனால் எழுத்துக்களைச் சரியாகக் காட்டும் வேறொரு செயலியில் தட்டச்சு செய்து, படமாகச் சேமித்துக் கொண்டுவந்து ஒட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது கண்ணாடிப் பிம்பம். வெளிர் நிறப் பேப்பரைத் துணியின் மேல் குப்புற வைக்கப்போகிறோம், ஆகவே படத்தை இடவலமாகத் திருப்பித்தான் பிரிண்ட் எடுக்க வேண்டும். அடர் நிறப் பேப்பருக்குத் திருப்பவே கூடாது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சில பிரிண்டர்களின் அமைப்பில் காகித வகையை டி-ஷர்ட் டிரான்ஸ்ஃபர் என்று தேர்ந்தெடுத்தால் அதுவே தானாகத் திருப்பிவிடும். நீங்கள் ஏற்கெனவே திருப்பி வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்து பழையபடி நேராகிவிடும்! அதனால் முதலில் சாதாரணத் தாளில் ஒரு பிரிண்ட் எடுத்து முகம் பார்க்கும் கண்ணாடி முன் பிடியுங்கள். கண்ணாடியில் நேராக வாசிக்க முடிந்தால் சரி. அந்தத் தாளையே வெட்டி நெஞ்சின் மேல் வைத்து அளவும் பார்த்துக்கொள்ளலாம், திரையில் பெரிதாகத் தெரிந்தது துணியில் தபால் தலை மாதிரி இருப்பது இங்கே சகஜம்.

பிரிண்ட், அப்புறம் வெட்டுவது

கோடோ கட்டமோ நிறுவனப் பெயரோ அச்சிட்ட பக்கம் பின்பக்கம், ஒன்றும் இல்லாத பக்கத்தில்தான் பிரிண்ட் விழ வேண்டும். உங்கள் பிரிண்டர் தாளை எந்தப் பக்கமாக இழுக்கிறது என்று தெரியாவிட்டால் சாதாரணத் தாளின் மூலையில் பென்சிலால் ஒரு குறி போட்டு விட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே தாள். பிரிண்ட் வந்ததும் தொடாமல் கால் மணி நேரமாவது காய விடுங்கள். பிக்மென்ட் மை உள்ள பிரிண்டர் என்றால் நிறம் துவையலில் கூடுதலாக நிற்கும், டை வகை மை சற்று சீக்கிரம் மங்கும்.

வெட்டும்போது படத்தின் ஓரத்தை ஒட்டி, சில மில்லிமீட்டர் மட்டும் விட்டு வெட்டுங்கள். வெளிர் நிறப் பேப்பரில் மை விழாத இடத்திலும் படலம் துணிக்கு மாறும், அது லேசான பளபளப்பாக ஒரு கட்டம் போலத் தெரியும். மூலைகளைக் கூராக விடாமல் வளைத்து வெட்டுவதும் நல்லது, ஏனென்றால் உரிவது எப்போதும் கூரான மூலையில்தான் ஆரம்பிக்கும். எழுத்துக்களைத் தனித்தனியாக வெட்டத் தேவையில்லை, ஒரு சொல்லை ஒரே துண்டாக விட்டுவிடுங்கள்.

அயர்ன் செய்வது

இங்கே அவசரப்படாதீர்கள், காரியம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

முதலில் மேஜை. அயர்ன் செய்யும் பலகை இதற்கு ஆகாது. அதில் மெத்தை இருக்கும், கீழே ஓட்டை ஓட்டையாகக் கம்பி வலை இருக்கும், நீங்கள் கொடுக்கும் அழுத்தமும் சூடும் அதிலேயே போய்விடும். உறுதியான மரப் பலகை அல்லது மர மேஜை வேண்டும், அதன் மேல் ஒரு தலையணை உறையைச் சுருக்கமில்லாமல் விரித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி, கல், தகடு பதித்த மேற்பரப்பு வேண்டாம்: கல் சூட்டை உறிஞ்சும், மற்றவை சூட்டில் கெட்டுப்போகலாம். மேஜை இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் உடம்பின் எடையையே அழுத்தமாகப் பயன்படுத்தலாம், கை மட்டும் வலிக்காது.

அயர்ன் பாக்ஸில் தண்ணீர் இருந்தால் கொட்டிவிடுங்கள், ஸ்டீம் கூடவே கூடாது. ஈரம் இருந்தால் படலத்துக்குக் கீழே ஆவி கிளம்பி ஒட்டாமல் தள்ளிவிடும். காட்டன் சூட்டில் வைத்து, சூடு ஏறிவிட்டது என்று விளக்கு காட்டிய பிறகும் இன்னும் சில நிமிடம் விடுங்கள். அதற்குள் டி-ஷர்ட்டைத் தூசி தும்பு இல்லாமல் துடைத்து, படம் வரப்போகும் இடத்தைப் பத்து விநாடி அயர்ன் செய்தால் துணியில் மிச்சமிருக்கும் ஈரமும் போய்விடும், சமதளமாகவும் ஆகும். நடு எங்கே என்று கண்ணால் அளக்க வேண்டாம், டி-ஷர்ட்டை நீளவாக்கில் இரண்டாக மடித்து ஒரு இழுப்பு அயர்ன் செய்தால் நடுவில் கோடு விழும், அந்தக் கோட்டில் படத்தின் நடுவை வைத்தால் போதும். கழுத்துப் பட்டையிலிருந்து நான்கு விரல் கீழே படம் தொடங்கினால் பெரியவர்கள் டி-ஷர்ட்டில் பார்க்க லட்சணமாக இருக்கும்.

வெட்டிய பேப்பரைக் குப்புற வையுங்கள். இனி துணிக்குச் சுருக்கம் எடுப்பது போல இழுக்காதீர்கள். அயர்ன் பாக்ஸை ஒரு இடத்தில் வைத்து, முழு எடையையும் கொடுத்து 15 முதல் 20 விநாடி அழுத்துங்கள், தூக்கி, முந்தைய இடத்தில் கொஞ்சம் ஏறும்படி அடுத்த இடத்தில் வையுங்கள். அயர்ன் பாக்ஸின் அடியில் ஆவித் துளைகள் இருக்கின்றன இல்லையா, அந்த இடங்களில் சூடு படாது. அதனால் ஒரு சுற்று முடிந்ததும் பாக்ஸைச் சற்றுத் திருப்பி இன்னொரு சுற்று கொடுங்கள். ஓரங்களுக்கும் மூலைகளுக்கும் தனியாக ஒரு சுற்று. ஏ4 அளவு முழுப் படத்துக்கு மொத்தம் இரண்டு மூன்று நிமிடம் ஆகும், சின்னப் படத்துக்கு அந்த அளவுக்குத் தேவையில்லை. பாக்கெட்டோடு வரும் குறிப்பில் வேறு நேரம் போட்டிருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும், ஒவ்வொரு தயாரிப்பின் படலமும் ஒவ்வொரு மாதிரி.

உரிப்பது

சூட்டோடு உரிப்பதா, ஆறிய பிறகு உரிப்பதா என்பதும் அந்தக் குறிப்பில்தான் இருக்கும், யூகிக்க வேண்டாம். சூட்டோடு உரிக்க வேண்டியதை ஆற விட்டால் தாள் நார் நாராகக் கிழிந்து படத்தின் மேலேயே தங்கிவிடும். அப்படி ஆனால் மேலே மறுபடி சூடு காட்டி உரித்துப் பாருங்கள். எதுவாக இருந்தாலும் ஒரு மூலையை மட்டும் முதலில் தூக்குங்கள். படமும் கூடவே கிளம்பினால் நிறுத்தி, தாளை அப்படியே படிய வைத்து, அந்த மூலையை இன்னும் 20 விநாடி அழுத்துங்கள். நன்றாக வந்தால் தயங்காமல் ஒரே சீராக இழுத்துவிடலாம்.

அடர் நிறப் பேப்பர் என்றால் வரிசை மாறும். பின் தாளை முதலிலேயே உரித்துவிட்டு, படத்தை நிமிர்த்தித் துணியில் வைத்து, மேலே பாக்கெட்டில் வந்த சிலிக்கோன் தாளையோ பேக்கிங்குக்குப் பயன்படுத்தும் பார்ச்மென்ட் தாளையோ மூடித்தான் அயர்ன் செய்ய வேண்டும். மூடாமல் வைத்தால் படம் முழுவதும் அயர்ன் பாக்ஸில் ஒட்டிக்கொள்ளும், பாக்ஸும் போச்சு டி-ஷர்ட்டும் போச்சு. இந்தப் பேப்பரில் வெட்டாமல் விட்ட இடமெல்லாம் வெள்ளையாகவே தெரியும், எனவே கத்தரிக்கோல் வேலையில் பொறுமை வேண்டும்.

துவைக்கும்போது

ஒட்டியதும் ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். பிறகு உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த தண்ணீரில், சாதாரண சோப்பில் துவைக்கலாம். பிளீச் வேண்டாம், படத்தின் மேல் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம், முறுக்கிப் பிழியவும் வேண்டாம். நிழலில் காயவைத்து, அயர்ன் செய்வதையும் உள்பக்கமாகவே செய்யுங்கள். இவ்வளவு பார்த்தாலும் காலப்போக்கில் மங்கும், நுண்ணிய விரிசல் விடும், கடையில் வாங்கும் ஸ்கிரீன் பிரிண்ட் அளவுக்கு உழைக்காது. ஓரம் லேசாகக் கிளம்பினால் அதற்காகத் தூக்கிப் போட வேண்டாம், மேலே பார்ச்மென்ட் தாளை வைத்து ஒரு 15 விநாடி அழுத்தினால் பெரும்பாலும் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தவர் வரைந்த படத்தையோ நிறுவனச் சின்னத்தையோ போட்டு விற்பதாக இருந்தால் உரியவரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

மிச்சமிருக்கும் பேப்பரை அதன் உறையிலேயே தட்டையாக வையுங்கள், காற்றின் ஈரத்தில் தாள் சுருண்டுவிட்டால் பிரிண்டரில் சிக்கும். வெட்டியதில் மீந்த மை படாத துண்டுகளையும் சேர்த்து வையுங்கள், பழைய துணி ஒன்றில் உங்கள் அயர்ன் பாக்ஸின் சூடு சரியா, எத்தனை விநாடி போதும் என்று அடுத்த முறை சோதித்துப் பார்க்க அவை உதவும்.