குமிழைத் திருப்பியதும் வண்டிக்கு அடியில் என்ன நடக்கிறது?

டொயோட்டா ஃபார்ச்சூனர், இசுஸு வி-கிராஸ் போன்ற வண்டிகளின் நான்கு சக்கர இயக்க வகைகளில், ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சிறு குமிழ் இருக்கும். அதில் 2எச், 4எச், 4எல் என்று மூன்று நிலைகள். எண், விசை பெறும் சக்கரங்கள் எத்தனை என்பதைச் சொல்கிறது; எச் (ஹை) வழக்கமான வேகத்துக்கு, எல் (லோ) மெதுவாக ஊர்ந்து போக. சில வண்டிகளில் எழுத்து முன்னால் வந்து எச்2, எச்4, எல்4 என்றிருக்கும், பொருள் ஒன்றுதான்.

1940களின் வில்லிஸ் ஜீப்பில் இதே வேலைக்கு இரண்டு நெம்புகோல்கள் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. பல்லோடு பல் சேர்வது உள்ளங்கைக்கே தெரியும். குமிழில் அந்த உணர்வு கிடைக்காது. அதைத் திருப்பும்போது நீங்கள் ஒரு விண்ணப்பம்தான் போடுகிறீர்கள். ஏற்பதா, நிறுத்திவைப்பதா என்று முடிவெடுப்பது வண்டியின் கட்டுப்பாட்டுக் கணினி. இது புரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

முதலில் உறுப்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள். கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்றொரு பெட்டி உண்டு. இன்ஜினின் விசை அதற்குள் வந்து, பின்சக்கரங்களுக்கு மட்டுமோ முன்பின் இரண்டுக்குமோ போகிறது. பழைய நெம்புகோலின் இடத்தில் இப்போது அந்தப் பெட்டியின் மேல் ஒரு சிறு மின்மோட்டார். அது உள்ளே ஒரு தண்டைச் சுழற்ற, கவை போன்ற ஃபோர்க் நகர்ந்து, பற்கள் கொண்ட வளையம் ஒன்றைத் தள்ளிப் பொருத்துகிறது. தண்டு எந்த நிலையில் நிற்கிறது என்பதை ஓர் உணரி கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

2எச்-இலிருந்து 4எச்

ஸ்டியரிங்கை நேராக வையுங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுக் குமிழைத் திருப்புங்கள். பல வண்டிகளில் ஓடும்போதே இதைச் செய்யலாம். எந்த வேகம் வரை என்பதை உங்கள் வண்டியின் கையேட்டில் பாருங்கள். சக்கரங்கள் சேற்றில் வழுக்கிச் சுழலும்போது மட்டும் மாற்றாதீர்கள். அப்போது முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் விசை கொண்டுபோகும் இரு தண்டுகளும் வெவ்வேறு வேகத்தில் ஓடும்; பற்கள் மோதும். சேற்றில் இறங்குவதற்கு முன்பே மாற்றிவிடுவதுதான் நல்ல ஓட்டுநரின் அடையாளம்.

திருப்பியதும் கணினி வேகத்தைப் பார்க்கிறது. சரியென்றால் மோட்டாருக்கு மின்சாரம் விடுகிறது. முன்பக்கம் போகும் தண்டு சுழலத் தொடங்குகிறது. இன்னொரு வேலையும் பாக்கி. 2எச்-இல் முன் அச்சின் ஒரு பக்கம் துண்டிக்கப்பட்டே இருக்கும், வீணாகச் சுழலாமல் இருப்பதற்காக. அதை இணைக்க, வண்டியைப் பொறுத்து, தனி மின்மோட்டாரோ வெற்றிடக் குழாயால் இயங்கும் கருவியோ உண்டு. அதுவரை டாஷ்போர்டில் 4எச் விளக்கு மினுக்கும். எல்லாம் பொருந்தியபின் நிலையாக எரியும்.

4எல்-க்குப் போவது

இதற்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். 4எல்-இல் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இருக்கும் குறைப்புப் பற்சக்கரத் தொகுதி வேலைக்கு வருகிறது. இவ்வகை வண்டிகளில் வேகம் சுமார் 2.5 மடங்கு குறைந்து, திருப்புவிசை அதே அளவு கூடும். செங்குத்தான ஏற்றத்தில் ஊர்ந்து ஏறவும், இறக்கத்தில் பிரேக்கைத் தேய்க்காமல் இறங்கவும் இதுவே துணை.

வண்டியை முழுவதும் நிறுத்துங்கள். பிரேக் மிதியை அழுத்தியபடி கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு குமிழைத் திருப்புங்கள். தவறிப்போய்த் திரும்பிவிடாதிருக்க, சிலவற்றில் அழுத்தித் திருப்ப வேண்டியிருக்கும். விளக்கு நிலைக்கும் வரை கால் பிரேக்கை விட்டு எழவே கூடாது. ஏனென்றால் எச்-இலிருந்து எல்-க்குப் போகும் வழியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் நடுவில் எதிலும் சேராத நிலையைக் கடக்கிறது. அந்த நொடியில் சக்கரங்களுக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பே இல்லை. மாற்றம் பாதியில் நின்றுவிட்டால், ஆட்டோமேட்டிக் வண்டியைப் பார்க்கிங் நிலையில் போட்டிருந்தாலும் அது சரிவில் உருளும். ஆகவே சமதளத்திலேயே மாற்றுங்கள், கைபிரேக்கையும் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் முதன்முறை முயன்றபோது, வண்டி மெல்ல உருண்டுகொண்டிருக்கையிலேயே குமிழைத் திருப்பிவிட்டேன். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. ஏதோ உடைந்துவிட்டது என்று நெஞ்சு படபடத்தது. உண்மையில் கணினி என் விண்ணப்பத்தை நிறுத்திவைத்து, பற்சக்கரங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. வண்டி நின்று நியூட்ரலுக்கு வந்ததும் ‘டக்’கென்று ஓர் ஒலி, விளக்கு நிலைத்தது. அந்த ஒலியைக் காதுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

காய்ந்த தார்ச்சாலையில் வேண்டாம்

இந்த வண்டிகளில் முன் அச்சையும் பின் அச்சையும் 4எச் இறுகப் பிணைத்துவிடுகிறது. திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வளைவில் போக வேண்டும். மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை. முறுக்கம் தண்டுகளிலும் பற்களிலும் சேர்கிறது. கொண்டை ஊசி வளைவில் யாரோ பிரேக் பிடிப்பதுபோல் வண்டி இழுத்தால் காரணம் இதுதான்.

2எச்-க்குத் திரும்பியும் விளக்கு அணையவில்லை என்றால், பெரும்பாலும் அந்த முறுக்கம் பற்களை இறுகப் பிடித்திருக்கிறது. நேராகச் சில மீட்டர் பின்னோக்கி ஓட்டுங்கள், விடுபட்டுவிடும். அப்படியும் மினுக்கினால் மோட்டார், உணரி, மின்இணைப்பு, வெற்றிடக் குழாய் ஆகியவற்றை மெக்கானிக் பார்க்க வேண்டும். நான்கு டயர்களும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்கின்றனவா என்பதை மட்டும் அதற்கு முன் நீங்களே பாருங்கள்.

மழைக்காலம் வரும் வரை குமிழைத் தொடாமல் இருப்பவர்கள் பலர். அசையாத உறுப்பில் எண்ணெய்ப் பூச்சு வற்றும், மோட்டார் இறுகும். மாதத்துக்கு 16 கிலோமீட்டராவது நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டுங்கள் என்று டொயோட்டா கையேடு சொல்கிறது. அதற்கு ஒரு மண்சாலையையோ மழை நனைத்த சாலையையோ தேர்ந்தெடுங்கள்.