அட்டையை வெட்டும்போது தேதியும் போய்விடுகிறது

செங்கோட்டை, புளியரைப் பக்கத்து முதியோர் இல்லங்களுக்கு மருந்து மூன்று வழியாக வருகிறது. தென்காசிக் கடைகளில் வாங்குவது ஒன்று. ஆரியங்காவு தாண்டிப் புனலூரிலோ கொல்லத்திலோ டாக்டரைப் பார்த்துவிட்டு அங்கேயே வாங்கி வருவது இன்னொன்று. வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது டப்பா டப்பாவாகக் கொண்டுவருவது மூன்றாவது. எல்லாம் ஒரே அலமாரியில் சேர்ந்துவிட்டால், எது எப்போது காலாவதியாகிறது என்பது பார்த்துக்கொள்பவர்களுக்கே தெரிவதில்லை.

முதல் தவறு அட்டையை வெட்டுவதில் தொடங்குகிறது. தேதி பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். நாலு மாத்திரை மட்டும் கேட்டால், தேதியுள்ள துண்டு கடையிலேயே தங்கிவிடலாம். அப்புறம் இல்லத்தில் எல்லாவற்றையும் பிரித்து டப்பாவில் கொட்டினால் மருந்தின் பேரும் போச்சு. தேதியுள்ள துண்டையே கேட்டு வாங்குங்கள். மாத்திரையை மறு ஓரத்திலிருந்து எடுங்கள். பொடி எழுத்தில் இருப்பதை மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதி வையுங்கள், இரவுப் பணிக்கு வரும் பெண்ணும் படிக்க வேண்டும். வெளிநாட்டு டப்பா சிலவற்றில் மாதம் முன்னால், நாள் பின்னால் இருக்கும், கவனம்.

“தேதி தாண்டினால் என்ன, ஒன்றும் ஆகாது” என்பவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. பெரும்பாலான மாத்திரைகள் மறுநாளே விஷமாகிவிடுவதில்லை. அமெரிக்க ராணுவத்தின் கையிருப்பு மருந்துகளை 1986 முதல் சோதித்ததில், பல மருந்துகள் தேதி கடந்தும் வீரியத்தோடு இருந்தன. ஆனால் அவை உறை பிரிக்காமல் முறையான கிடங்கில் இருந்தவை. நம் அலமாரி அப்படியா? சாரல் காலத்தில் இங்கே உப்பே நீர்த்துப்போகிறது. அந்த ஈரத்தில், மூடி திறந்த நூறு மாத்திரை டப்பா என்ன ஆகும்?

ஆபத்து வேறு விதமாக வருகிறது. வீரியம் குறைந்த பிரஷர் மாத்திரையை ஒரு ஆச்சி தினமும் விழுங்குகிறார். பிரஷர் இறங்கவில்லை. டாக்டர் அளவைக் கூட்டுகிறார். அடுத்த மாதம் புது அட்டை வருகிறது, அதில் முழு வீரியம். பிரஷர் திடீரென்று சரிந்து, விடியற்காலையில் பாத்ரூம் போகும் வழியில் ஆச்சி விழுகிறார். இடுப்பெலும்பு முறிந்த வயதானவர் பழையபடி நடமாடுவது எவ்வளவு கடினம் என்று இல்லத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். விழுந்ததற்கு வயதைத்தான் காரணம் சொல்வார்கள், மாத்திரையை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை இவற்றிலும் சிறு ஏற்ற இறக்கமே பெரிய விளைவைத் தரும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை வேலை செய்யாவிட்டால், யோசிக்கக்கூட நேரமிருக்காது.

அச்சிட்ட தேதி, திறக்காத மருந்துக்குத்தான். இது பலருக்கும் தெரிவதில்லை. கண் சொட்டு மருந்தைத் திறந்தால் பொதுவாக ஒரு மாதம்தான், அதற்குமேல் கிருமி சேரும். பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் பெரும்பாலும் 28 நாள். தண்ணீர் கலந்த ஆன்டிபயாட்டிக் சிரப் பலவும் ஒரு வாரம், அதுவும் ஃபிரிட்ஜில். திறந்த நாளைப் புட்டியிலேயே எழுதிவிட வேண்டும்.

இன்னொன்றும் நடக்கிறது. ஒருவர் இறந்ததும் அவர் மருந்தை, பாவம் வீணாகிறதே என்று பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுக்கிறார்கள். மனசு நல்ல மனசுதான். ஆனால் அந்த அட்டை எங்கே, எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரே பேரில் வேறு வேறு மில்லிகிராமும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

காலாவதியானதை ஓடையில் கொட்டுவதும் பின்கட்டில் எரிப்பதும் தவறு. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் காலாவதியான மருந்தை மஞ்சள் பையில் தனியாகப் போட வேண்டிய கழிவில் சேர்க்கின்றன. மருத்துவமனைக் கழிவை எடுக்கும் வண்டியிடம் கொடுக்கலாம்.

மாதமும் வருடமும் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதக் கடைசி நாள்வரை செல்லும். அதனால் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அலமாரியைப் பார்ப்பது வசதி. அன்றைக்கே தலையணை அடியையும் சுருக்குப்பையையும் கேட்டுப் பாருங்கள். அங்கே பாதி அட்டை கட்டாயம் இருக்கும். அதட்டிப் பிடுங்கினால் ஒளித்துவைப்பார்கள். “ஆச்சி, இந்தாங்க புதுசு” என்று கையில் கொடுத்துவிட்டுக் கேட்டால், பழையதை அவர்களே எடுத்துத் தருவார்கள்.