ஜெனரேட்டரை அனுப்பிவிட்டு பேட்டரியை வரவழைக்கும் முன்

டீசல் ஜெனரேட்டரைக் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் நிறுத்தி, அங்கிருந்து படப்பிடிப்புத் தளம்வரை கேபிளை இழுத்து வருவார்கள். அப்படியும் அதன் உறுமல் மைக்கில் ஏறிவிடும். அதனால் ஜெனரேட்டருக்குப் பதிலாகப் பெரிய பேட்டரிப் பெட்டி வந்து இறங்கும் நாளில் முதலில் முகம் மலர்வது ஒலிப்பதிவாளருக்குத்தான். அந்த மலர்ச்சி நள்ளிரவு வரை நீடிக்குமா என்பது முன்கூட்டியே போட்ட கணக்கைப் பொறுத்தது.

பலர் சறுக்குவதும் அந்தக் கணக்கில்தான். ஜெனரேட்டரை வாடகைக்கு எடுக்கும்போது ஒரே கேள்வி போதும்: எத்தனை கேவிஏ, அதாவது ஒரே நேரத்தில் எவ்வளவு சுமை தாங்கும்? டீசல் ஊற்ற ஊற்ற அது ஓடிக்கொண்டிருக்கும். அது ஊற்றுள்ள கிணறு, பேட்டரியோ தொட்டி. தொட்டிக்கு இரண்டு எண்கள் வேண்டும். ஒரே நேரத்தில் எவ்வளவு தரும் என்பதைக் கிலோவாட் சொல்லும். மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதை யூனிட், அதாவது கிலோவாட்-மணி சொல்லும். முதல் எண்ணை மட்டும் பார்த்து எடுத்தவர்களுக்கு மாலை வரை எல்லாம் நன்றாகவே நடக்கும்.

ஓர் உதாரணம். 600 வாட் எல்இடி விளக்குகள் நான்கு, சராசரியாகப் பாதி வெளிச்சத்தில் ஆறு மணி நேரம் எரிகின்றன: 7.2 யூனிட். மானிட்டர்களும் கேமரா பேட்டரி சார்ஜர்களும் சேர்ந்து 400 வாட், பன்னிரண்டு மணி நேரம்: 4.8 யூனிட். ஆக 12. பேட்டரி மின்சாரத்தை விளக்குகளுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரில் பத்து சதவீதம் போகும், அடியில் பதினைந்து சதவீதத்தைத் தொடாமல் வைப்பது நல்லது என்று கொண்டால், 16 யூனிட் கையில் இருக்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. எல்லா விளக்குகளும் பன்னிரண்டு மணி நேரமும் முழு வெளிச்சத்தில் எரியும் என்று வைத்துக்கொண்டால் அதே கணக்கு 33 யூனிட்டைத் தாண்டும். “பேட்டரி நமக்குக் கட்டுப்படியாகாது” என்று கைகழுவுகிறவர்களில் பாதிப்பேர் இந்தக் கணக்கைப் போட்டவர்கள் என்பது என் சந்தேகம். வாதம் எதற்கு? ஜெனரேட்டரில் ஓடும் படப்பிடிப்பு ஒன்றில் ஒருநாள் மீட்டர் பொருத்திப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

அடுத்தது, சுவிட்சைப் போடும் அந்த ஒரு நொடி. குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் மின்தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதனால் 2,000 வாட் பல்பு எரியத் தொடங்கும் கணத்தில் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். எச்எம்ஐ என்ற பெரிய படப்பிடிப்பு விளக்கை இயக்கும் பேலஸ்ட் பெட்டி பழையதாக, பவர் ஃபாக்டர் திருத்தம் (இழுக்கும் மின்சாரம் முழுக்க வேலைக்குப் பயன்பட வைக்கும் ஏற்பாடு) இல்லாததாக இருந்தால் தொல்லை வேறு வகை: விளக்கில் எழுதியிருக்கும் வாட்டைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் விஏ, அதாவது இன்வெர்ட்டர் உண்மையில் சுமக்க வேண்டிய சுமை, கேட்கும். பேட்டரிப் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் உச்ச வாட்டை நம்பாதீர்கள். தொடர்ந்து தரக்கூடிய வாட் சிறிய எழுத்தில் இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள். விளக்குகளையும் ஒன்றன்பின் ஒன்றாகவே ஏற்றுங்கள்.

இரவு ஒரு மணி, நெருக்கக் காட்சி, கண்ணீர் திரண்டு நிற்கிறது. அந்தப் பக்கம் ஒப்பனை அறையில் யாரோ தேநீருக்கு மின்கெட்டிலைத் தட்டிவிடுகிறார். 2,000 வாட். ஜெனரேட்டராக இருந்தால் ஒருமுறை இருமிவிட்டுச் சமாளித்திருக்கும். இன்வெர்ட்டர் இருமாது, தன்னைக் காத்துக்கொள்ள அப்படியே அணைந்துவிடும். தளம் இருட்டு, திரண்ட கண்ணீர் வீண். கெட்டில், ஹீட்டர், முடி உலர்த்தி, இஸ்திரிப்பெட்டி போன்ற சூடாக்கும் சாதனங்களுக்கு வேறு மின்வழி கொடுங்கள். விளக்குகளுக்கான பேட்டரியில் காலியாக இருக்கும் பிளக் துளைகளை டேப் போட்டு மூடிவிடுங்கள். அறிவிப்பு எழுதி ஒட்டுவதால் மட்டும் பயனில்லை.

‘சத்தமே இல்லை’ என்பதும் பாதி உண்மைதான். சுமை ஏறினால் உள்ளிருக்கும் மின்விசிறி சுழலத் தொடங்கும். சிறிய அறையில் மைக்குக்கு அது நன்றாகவே கேட்கும். உடனே கம்பளியைப் போட்டு மூடுகிறார்கள். காற்று அடைபட்டு, சூடேறி, பெட்டி தானாக நின்றுவிடுகிறது. அடுத்த அறையில் வைத்துக் கேபிளை நீட்டுங்கள்.

சார்ஜ் ஏற்றுவதை யாரும் திட்டமிடுவதில்லை. பத்து யூனிட் பேட்டரியை 1.5 கிலோவாட் தரும் சாதாரண பிளக்கில் ஏற்ற, இழப்பையும் சேர்த்தால், ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நள்ளிரவில் முடித்து காலை ஆறுக்கு மீண்டும் தொடங்கும் குழுவுக்கு அவ்வளவு நேரம் ஏது? இங்கே ஜெனரேட்டரைத் திரும்ப அழைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சுமை முப்பது சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி நெடுநேரம் ஓடும் டீசல் இயந்திரத்தில் எரியாத எண்ணெயும் கரியும் புகைபோக்கியில் படியும், எரிபொருளும் வீண். அதையே பகலில் சில மணி நேரம் நல்ல சுமையில் ஓட்டி பேட்டரியை நிரப்பிவிட்டு, காட்சி எடுக்கும்போது நிறுத்திவிடலாம். டீசலை ஒரே நாளில் ஒழிப்பேன் என்று சபதம் செய்வதைவிட இது புத்திசாலித்தனம்.

எர்த் விஷயத்தில் ஊகம் கூடாது. சிறிய பேட்டரிப் பெட்டிகள் பலவற்றில் நியூட்ரல், எர்த்துடன் இணைக்கப்பட்டிருக்காது. அந்த நிலையில், கசிவு வந்தால் துண்டித்துவிடும் என்று நீங்கள் நம்பியிருக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் வேலை செய்யாமல் போகலாம். தகுதியுள்ள மின்பணியாளர் சோதித்துச் சொல்லட்டும்.

வெளியூர்ப் படப்பிடிப்பில் இரண்டு பொறிகள். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, சேதம் நிரந்தரமாகிவிடும். குளிர்மலையில் இரவு முழுக்க வண்டியில் கிடந்ததை முதலில் சூடான அறைக்குள் கொண்டுவர வேண்டும். விமானத்திலோ 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணி தன் சாமானோடு எடுத்துச் செல்ல முடியாது. ஒரு யூனிட் பெட்டியே அதைப்போல ஆறு மடங்கு. சாலை வழியாக முன்னதாகவே அனுப்புங்கள், இல்லையென்றால் போய்ச் சேரும் ஊரிலேயே வாடகைக்குச் சொல்லிவையுங்கள்.