வாடகை வீட்டை ஸ்மார்ட் ஆக்குகிறீர்களா? மலைநாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலைநாட்டில், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ வீடு வாடகைக்கு எடுத்தால், அட்வான்ஸை எண்ணி வாங்கிய கையோடு வீட்டுக்காரர் சொல்வது ஒன்றுதான்: "சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிராதீங்க." ஆணிக்கே இந்தக் கதி என்றால், சுவிட்சைக் கழற்றி வேறு மாட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதனால்தான் மாற்றலாகி வருகிற ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள் எல்லாம் போனிலிருந்தே போட்டு அணைக்கிற ஸ்மார்ட் பிளக், ஸ்மார்ட் பல்ப், குட்டிக் கேமரா என்று, போகும்போது பெட்டியில் போட்டு எடுத்துப்போகக்கூடிய சாமான்களாகப் பார்த்து வாங்குகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் இது பற்றி வலையில் கிடைக்கிற ஆலோசனைகள் பெரும்பாலும் கரண்ட் போகாத, சுவர் ஈரம் குடிக்காத, எல்லா பிளக் பொயின்டும் ஒரே மாதிரி இருக்கிற ஊர்களுக்காக எழுதப்பட்டவை. நம் பக்கத்து வீடு அப்படியில்லை. சாமானைப் பார்த்துவிட்டு வீட்டைப் பார்க்காமல் விடுவதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதன் பிள்ளைகள்.

பிளக் பொயின்டைப் பார்க்காமல் பிளக் வாங்குவது

பழைய வீடுகளில் 5 ஆம்பியர் உருண்டை முள் பொயின்ட், ஒன்றிரண்டு இடத்தில் 15 ஆம்பியர் பெரிய உருண்டை, பிறகு கட்டிய அறையில் மட்டும் 13 ஆம்பியர் சதுர முள் என்று ஒரே வீட்டில் மூன்று வகையும் இருக்கும். இந்த நிலையில் சென்னைக்குப் போய்வந்த யாரோ ஒரு மச்சான் ஸ்மார்ட் பிளக் வாங்கி வருவார். அது இந்தியாவின் 16 ஆம்பியர் பெரிய உருண்டை முள். நமது சதுரப் பொயின்டில் ஏறாது. உடனே ஒரு மல்டி அடெப்டர், அதன்மேல் இந்தப் பிளக், அதன்மேல் இன்னொரு எக்ஸ்டென்ஷன் என்று சுவரிலிருந்து ஒரு முழம் நீட்டிக்கொண்டு நிற்கும். பாரத்தில் அடெப்டர் கொஞ்சம் சரியும். முள் முழுதாகத் தொடாமல் பாதி தொடும். அந்தப் பாதித் தொடுகைதான் சூடாகி பிளாஸ்டிக்கை உருக்குகிறது.

இன்னொரு கைப்பழக்கமும் உண்டு. இரண்டு முள் பிளக்கைச் சதுரப் பொயின்டில் ஏற்ற, மேலே இருக்கிற எர்த் துளையில் பேனா மூடியையோ ஈர்க்குக் குச்சியையோ செருகுவது. சதுரப் பொயின்டின் உள்மூடி திறப்பதே எர்த் முள் உள்ளே போகும்போதுதான். சின்னப் பிள்ளைகள் எதையாவது நுழைத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. குச்சி போட்டு அதைத் திறந்து, ஒரு ஸ்மார்ட் பிளக்கை மாதக்கணக்கில் அங்கேயே விட்டுவைப்பதில் ஸ்மார்ட் எதுவும் இல்லை. வாங்கும்போதே 13 ஆம்பியர் சதுர முள்ளாகப் பார்த்து வாங்குங்கள். அந்தப் பொயின்ட் இருக்கிற அறையில் மட்டும் போடுங்கள். 5 ஆம்பியர் பொயின்ட் ஒரு மேசை விளக்குக்கும் போன் சார்ஜருக்கும்தான்.

அடுத்தது ஹீட்டர். மலைநாட்டில் ஸ்மார்ட் பிளக் வாங்குகிறவர்களில் பாதிப்பேருக்கு மனதில் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். வருடத் தொடக்கத்தில் துகள் உறைபனி விழுகிற ஊர். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போதே போனில் ஒரு தட்டுத் தட்டி, வீட்டுக்குள் நுழையும்போது அறை கதகதப்பாக இருந்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

கணக்கைப் பாருங்கள். 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். பிளக்கில் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதே, போதும்தானே என்று தோன்றும். அந்தப் பாரத்தை அது மணிக்கணக்காகத் தாங்க வேண்டும். அதற்குப் பின்னால் இருக்கிற பழைய வயரும் தாங்க வேண்டும். அந்த வயர் எந்தக் காலத்தில், எந்தத் தடிப்பில் போட்டது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. மழை விடாத மாதங்களில் ஈரத்துணியை ஹீட்டருக்குப் பக்கத்துக் கதிரையில் காயப்போடாத வீடு எது? காலையில் போட்ட துணி அங்கேயே கிடக்க, நீங்கள் தலவாக்கலையில் பஸ்ஸில் இருந்தபடி ஹீட்டரைப் போட்டால் என்ன ஆகும்? பட்டன் அழுத்தி இயக்குகிற புது மாதிரி ஹீட்டர்கள் கரண்ட் வந்தாலும் தாமாக ஓடாது என்பதால், பல வீடுகளில் இந்தத் திட்டம் எப்படியும் பலிப்பதில்லை. அதை ஒரு நல்ல காலம் என்றே சொல்வேன். ஹீட்டரை ஆள் இருக்கும்போது, நேரே சுவர்ப் பொயின்டில் போடுங்கள். சுடுதண்ணீர் ஷவரும் தண்ணீர் மோட்டாரும் கூட ஸ்மார்ட் பிளக்குக்கு வேண்டாம். மோட்டார் ஓடத் தொடங்கும் அந்த ஒரு கணத்தில் இழுக்கிற கரண்ட், வழக்கத்தைவிடப் பல மடங்கு.

சரி, அப்படியானால் பிளக் எதற்கு? மேசை விளக்குக்கு, டிவிக்கு, இஸ்தோப்பு (முன் விறாந்தை) விளக்கின் எக்ஸ்டென்ஷனுக்கு. இவை போதும்.

கரண்ட் போகும் என்பதை மறப்பது

2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் கரண்ட் போனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்றார்கள். இதெல்லாம் பெரிய கதை. காற்றுக் காலத்தில் சவுக்கு மரக்கிளை லைனில் உரசி, கரண்ட் போய்ப்போய் வருவதுதான் நமக்கு அன்றாடக் கதை. ஸ்மார்ட் பல்புக்கு இந்த விட்டுவிட்டு வருகிற கரண்ட் ஆகவே ஆகாது. பல பல்புகளை வேகமாக மூன்று, நான்கு தடவை போட்டு அணைத்தால், பழைய இணைப்பை மறந்து புதிதாக இணைக்கச் சொல்லி மினுக்கத் தொடங்கும். அப்படித்தான் அவற்றைச் செய்திருக்கிறார்கள். லைனில் உரசுகிற மரக்கிளையும் அதே வேலையைச் செய்துவிடும். மறுநாள் மாலை, பல்பு உங்கள் பேச்சைக் கேட்காது.

இன்னொன்று: கரண்ட் வந்தவுடன் முழு வெளிச்சத்தில் எரிவது பல பல்புகளின் இயல்பு. நள்ளிரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால், தூங்குகிற பிள்ளையின் முகத்துக்கு நேரே பளீரென்று எரியும். செயலியில் கரண்ட் திரும்பும்போது என்ன செய்ய வேண்டும் என்று ஓர் அமைப்பு பெரும்பாலும் இருக்கும். அதில் 'முன்பு இருந்த நிலை' என்பதைத் தேர்ந்துவிடுங்கள். வாங்கிய அன்றே செய்ய வேண்டிய வேலை இது. ஹோல்டர் பின் வகையா ஸ்க்ரூ வகையா என்று ஏறிப் பார்ப்பதும் கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டியது.

ஸ்மார்ட் பல்பு வேலை செய்ய வேண்டுமானால் சுவர் சுவிட்ச் எப்போதும் போட்டே இருக்க வேண்டும். வீட்டில் அப்பாயி இருந்தால் இந்தத் திட்டம் முதல் நாளே முடிந்தது. அறையை விட்டு வெளியே வருகிறவர் விளக்கை அணைப்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒழுங்கு; அது சரியும்கூட. அவருடைய அறைக்குச் சாதாரண பல்பையே விடுங்கள். ஒரு ஹோல்டரிலாவது சார்ஜ் ஏறுகிற எமர்ஜென்சி பல்பு இருக்கட்டும்.

கரண்ட் போனாலும் ரவுட்டரை ஓடவைக்கிற குட்டி பேட்டரிப் பெட்டி, அதாவது ஒரு மினி யூபிஎஸ் வாங்குவது இந்தப் பட்டியலிலேயே உருப்படியான செலவு. ஆனால் வாங்குமுன் ரவுட்டரின் அடெப்டரைத் திருப்பி வோல்ட்டைப் படியுங்கள். பெரும்பாலும் 12 என்றிருக்கும், சிலவற்றில் 9. 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 கொடுத்தால் ரவுட்டர் போய்விடலாம். ஏப்ரல் மாதத்திலும், பிறகு ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கத் தொடங்கினால், எந்த ஸ்மார்ட் சாமானானாலும் கையால் கழற்றி வைக்க வேண்டியதுதான். செயலியில் அணைப்பது கழற்றியதாகாது.

சுவரை நம்புவது

ஆணி வேண்டாம், ஒட்டும் டேப் போதும் என்பார்கள். போதாது. விரலால் சுவரை ஒரு தடவை தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால், அந்தச் சுவரில் எந்த டேப்பும் நிற்காது. பசை சுவரைப் பிடிப்பதில்லை, மேலே இருக்கிற தூளைத்தான் பிடிக்கிறது. மழைக்காலத்தில் ஈரம் ஊறி, மூலையில் பூஞ்சணம் கறுத்திருக்கிற சுவரும் அப்படித்தான். பெயின்ட் அடித்த நல்ல சுவரில் டேப் நன்றாகவே பிடிக்கும், பிரச்சினை கழற்றும்போதுதான். நேரே வெளியே இழுத்தால் பெயின்ட் ஒரு தட்டாக உரிந்து வரும், அட்வான்ஸும் கூடவே போகும். இழுத்துக் கழற்றுகிற வால் உள்ள டேப்பை வாங்கி, அந்த வாலைச் சுவரோடு ஒட்டினாற்போல் கீழ்நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும்.

அலுமாரியின் பக்கம், வார்னிஷ் அடித்த கதவு நிலை, டைல், ஜன்னல் கண்ணாடி ஆகியவை சுவரைவிட நம்பகமானவை. ஒட்டுமுன் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். ஒட்டியபின் ஒரு மணி நேரம் சும்மா விட்டு, அப்புறம் சாமானை மாட்டுங்கள். நடமாட்டம் அறிகிற சென்சரை ஒட்டவே வேண்டியதில்லை. அலுமாரி மேல் வைத்தால் போதும்.

சுவிட்சையே மாற்றிவிடலாம், போகும்போது பழையதைப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வரி: பெரும்பாலான ஸ்மார்ட் சுவிட்சுகளுக்கு நியூட்ரல் வயர் (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) வேண்டும், பழைய வீடுகளின் சுவிட்ச் பெட்டியில் அது பெரும்பாலும் இருக்காது.

வீட்டுக்காரரின் வைஃபை, பக்கத்து வீட்டுக்காரரின் வாசல்

மேல்மாடியில் வீட்டுக்காரர், கீழே அனெக்ஸில் நீங்கள். வைஃபையும் அவருடையது. அவர் பாஸ்வேர்டை மாற்றிய அன்று உங்கள் வீட்டில் உள்ள அத்தனை பல்பையும் ஒவ்வொன்றாகத் திரும்ப இணைக்க வேண்டி வரும். ஒரு சிறிய ரவுட்டர் சொந்தமாக இருப்பது நல்லது. வீடு மாறும்போது புது ரவுட்டருக்கும் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே கொடுத்தால், சாமான்கள் தாமாகவே இணைந்துகொள்ளும். மலிவான சாமான்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் பேசும் என்பதையும் நினைவில் வையுங்கள். 'இணையவே மாட்டேன் என்கிறது' என்ற புலம்பல்களில் நிறைய, போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருப்பதால் வருபவை.

கேமராவை இஸ்தோப்பில் வைத்தால் அது பக்கத்து வீட்டு வாசலையும் பார்க்கும். நெருக்கமாகக் கட்டிய வீடுகளில் இது சண்டைக்கு நேர்வழி. உங்கள் கதவு மட்டும் தெரியும்படி கீழ்நோக்கித் திருப்புங்கள், பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு போனில் காட்டுங்கள். ஜன்னலுக்கு உள்ளே வைத்தால் இரவில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படம் வெள்ளையாகிவிடும். வெளியே வைத்தாலும் மூடுபனி இறங்கினால் அதே கதி. அந்த ஒளியை அணைத்துவிட்டு வாசலில் ஒரு சாதாரண பல்பு எரியவிட்டால் படம் தெளியும்.

ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் என்றால் பில் பேச்சு வரத்தான் செய்யும். 2,000 வாட் ஹீட்டர் தொடர்ந்து எரிந்தால் மணிக்கு 2 யூனிட், தினம் மூன்று மணி நேரம் என்றால் மாதம் 180. வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறுவதால், உங்கள் ஹீட்டர் வீட்டுக்காரரின் யூனிட்டையும் மேல்படிக்குத் தள்ளும். டிவிக்கும் விளக்குக்கும் மின்னளவு காட்டுகிற பிளக் போட்டு, செலவைத் தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் அந்த எண்ணைக் காட்டி வீட்டுக்காரரோடு வாதாடப் போகாதீர்கள். அது பில் போடுகிற மீட்டர் அல்ல.

ஸ்மார்ட் பூட்டு வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் ஊதி இறுகிப்போகும் மரக்கதவைத் தோளால் இடித்துத்தான் மூடுகிறோம். அந்தப் பூட்டின் சின்ன மோட்டார் அங்கே திணறும். கதவு திறந்தால் போனுக்குச் சொல்கிற காந்த சென்சர் ஒன்று போதும்.

கழற்றிய பழைய பல்புகளை ஒரு பெட்டியில் போட்டு, எந்த அறையினுடையது என்று எழுதி வையுங்கள். வீட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் வெறும் ஹோல்டர்களைக் கண்டால் வீட்டுக்காரர் அட்வான்ஸில் கழிப்பார். எதையாவது அடுத்து வருகிறவருக்கு விட்டுப் போவதாக இருந்தால், உங்கள் செயலியிலிருந்து அதை நீக்கிவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவரால் அதை இணைக்க முடியாமல் போகலாம், நீங்கள் மட்டும் பதுளையில் இருந்துகொண்டு அவர் வீட்டு விளக்கை அணைக்கலாம்.