தூர ஓட்டத்துக்கு வாங்கிய புது பைக்கோடு பழகுவது எப்படி?

புது பைக் முற்றத்தில் வந்து நின்றதும் எல்லோருக்கும் வரும் ஆசை ஒன்றுதான்: வருகிற சனிக்கிழமையே பையைக் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் இருந்து ஏ9 வீதியில் வெளிக்கிட வேண்டும். திருகோணமலை, கண்டி, எல்ல என்று மனம் முன்னரே போய்விட்டிருக்கும். நியாயமான ஆசைதான். ஆனால் 100 சிசி பைக்கிலும் ஸ்கூட்டரிலும் பழகிய கைகால்களுக்கு இந்த எடை புதிது, உயரம் புதிது, பிறேக் பிடிக்கும் விதமும் புதிது. ஆகவே முற்றம், வெட்டவெளியான தரவை, யாழ் குடாநாட்டு வீதிகள், கடலுக்கு நடுவே போகும் தாம்போதி வீதி, அதற்குப் பிறகுதான் குடாநாட்டின் வாசலான ஆனையிறவுக்கு அப்பால் என்று கொஞ்சம் கொஞ்சமாக வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டு போங்கள். முதல்முறையாக இப்படியொரு பைக் வாங்கியவர்களுக்காக அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் கடதாசிகள்

சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஏ வகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஏ1 மட்டும் இருந்தால் 100 சிசிக்கு மேல் ஓட்ட முடியாது. வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் பைக்கோடு இருக்க வேண்டும். அப்புறம், பைக்கோடு தந்த கைநூலை ஒரு தடவையாவது முழுதாக வாசியுங்கள். கீழே நான் பொதுவான அளவுகளைத்தான் சொல்கிறேன். உங்கள் பைக்குக்கு உரிய அளவு அந்தக் கைநூலில்தான் இருக்கும். இரண்டும் வேறுபட்டால் கைநூல் சொல்வதையே எடுங்கள்.

முற்றத்தில், இஞ்சினைப் போடாமல்

பைக்கில் ஏறி நிமிர்ந்து உட்காருங்கள். இரண்டு காலும் நிலத்தில் எவ்வளவு படுகிறது என்று பாருங்கள். இரண்டு பாதமும் முழுதாகப் படாவிட்டால் பரவாயில்லை, ஒரு பாதம் உறுதியாகப் பட்டால் சமாளிக்கலாம். ஆனால் எந்தக் காலை ஊன்றப் போகிறீர்கள் என்பது பழக்கத்தில் இருக்க வேண்டும். வலது கால் பின் பிறேக்குக்குத் தேவை என்பதால் இடது காலை ஊன்றப் பழகுங்கள்.

அடுத்தது லீவர்கள். சாதாரணமாக உட்கார்ந்து விரல்களைக் கிளச், பிறேக் லீவர்களின் மேல் நீட்டுங்கள். முழங்கையில் இருந்து விரல் நுனி வரை ஒரே நேராக இருக்க வேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்தால் லீவரைப் பிடித்திருக்கும் பூட்டை இலேசாகத் தளர்த்திக் கீழே இறக்குங்கள். வாங்குகிற பலர் இதைக் கவனிப்பதே இல்லை. இரண்டு மணித்தியால ஓட்டத்தின் பின் மணிக்கட்டு வலிக்கும்போது பைக்கைக் குறை சொல்வார்கள். கேபிள் கிளச் என்றால் லீவர் நுனியில் 10 முதல் 15 மில்லிமீற்றர் வரை வெறுமையான ஆட்டம் இருக்க வேண்டும்.

இனி இறங்கி, பைக்கின் இடப்பக்கம் நின்று தள்ளுங்கள். இடுப்பு பைக்கோடு ஒட்டியிருக்கட்டும், வலது கையின் இரண்டு விரல் முன் பிறேக்கில் இருக்கட்டும். முன்னுக்குத் தள்ளி, பின்னுக்கு இழுத்து, முற்றத்தில் ஒரு வட்டம் போடுங்கள். பைக் எந்தச் சாய்வு வரை இலேசாக இருக்கிறது, எந்த இடத்தில் பாரம் திடீரென்று உங்கள் மேல் வருகிறது என்பது இதில்தான் விளங்கும். வண்டி விழுவது பெரும்பாலும் ஓடும்போது அல்ல. நிற்பாட்டும்போதும் திருப்பும்போதும்தான்.

எங்கள் முற்றங்கள் மணல். பக்க ஸ்ராண்டைப் போட்டுவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்து வருவதற்குள் ஸ்ராண்ட் மெல்ல மெல்லப் புதைந்து பைக் சரிந்துவிடும். வடமராட்சி கிழக்குப் பக்கம் போனால் இது இன்னும் மோசம். உள்ளங்கை அளவு பலகைத் துண்டு ஒன்றைப் பையிலேயே வைத்திருங்கள். நடு ஸ்ராண்ட் இருந்தால் அதைக் கையால் தூக்கிப் போடப் பார்க்காதீர்கள். ஸ்ராண்டின் இரண்டு காலும் நிலத்தில் படும்படி மிதித்து, உடம்பின் முழுப் பாரத்தையும் அந்தப் பாதத்தில் இறக்குங்கள். பைக் தானாக ஏறிவிடும், கை அதற்கு வழிகாட்டினால் போதும்.

காலையில் பார்க்க வேண்டியவை

ரயர்க் காற்றை ஓடுவதற்கு முன், ரயர் குளிராக இருக்கும்போதே பாருங்கள். அளவு பெரும்பாலும் செயின் மூடியிலோ அதன் அருகிலோ ஒட்டியிருக்கும். தனியாக ஓட்ட ஓர் அளவு, பின்னால் ஆள் இருக்கும்போது வேறு அளவு.

ஒயில் பார்ப்பதில் அவசரம் கூடாது. இஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிற்பாட்டி, இன்னும் ஓரிரு நிமிடம் பொறுங்கள். பிறகு பைக்கை நேராக நிமிர்த்தி, குனிந்து இஞ்சினின் கீழ்ப்பக்கத்தில் இருக்கும் வட்டக் கண்ணாடியைப் பாருங்கள். ஒயில் மட்டம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். பக்க ஸ்ராண்டில் சாய்ந்திருக்கும்போது பார்த்தால் கண்ணாடி வெறுமையாகத் தெரிந்து, ஒயில் இல்லை என்று நினைத்து அளவுக்கு மேல் ஊற்றிவிடுவீர்கள். கண்ணாடிக்குப் பதில் ஒயில் கோல் உள்ள பைக்குகளும் உண்டு. அந்தக் கோலைத் திருகி இறுக்கிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது கைநூலில் இருக்கும்.

தண்ணீரால் குளிரூட்டும் இஞ்சின் என்றால் கூலன்ற் போத்தலில் மட்டம் இரண்டு கோட்டுக்கு இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு ரேடியேற்றரின் நுண்ணிய குழாய்களுக்குள்ளும் படியும். கூலன்ற் வாங்கி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த நீர்.

செயினை அதன் கீழ்ப்பக்கத்தின் நடுவில் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பல பைக்குகளில் 20 முதல் 35 மில்லிமீற்றருக்குள் ஓர் அளவு சொல்லியிருக்கும். கொஞ்சம் தளர்வாக இருப்பதை விட, இறுக்கமாக இருப்பதுதான் கூடுதல் கெடுதல். பாரம் ஏற்றும்போது செயின் இன்னும் இறுகி, பேரிங்கைத் தின்னும்.

தரவையில் பயிற்சி

ஒரு விடுமுறை நாள் காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத தரவையையோ, அனுமதி கேட்டு ஒரு விளையாட்டுத் திடலையோ தேடிப் போங்கள். நிலம் இறுக்கமாக இருக்க வேண்டும். ஹெல்மெட், சப்பாத்து, கையுறை மூன்றும் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கியரில் போட்டு, அக்சிலேற்றரைத் தொடாமல் கிளச்சை மெல்ல மெல்ல விடுங்கள். ஓர் இடத்தில் இஞ்சின் சத்தம் சற்றே தாழும், பைக் முன்னுக்கு நகரத் துடிக்கும். கிளச் பிடிக்கத் தொடங்கும் இடம் அதுதான். அதே இடத்தில் லீவரை நிறுத்தி ஒரு மீற்றர் போய், திரும்ப அழுத்தி நில்லுங்கள். விரல்கள் யோசிக்காமலே அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் வரை இதைச் செய்யுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் திருநெல்வேலிச் சந்தையடியில் மரக்கறி மூட்டைக்கும் ஓட்டோவுக்கும் நடுவில் பாரமான பைக்கை நிமிர்த்தி வைத்திருப்பது இந்தப் பழக்கம்தான்.

அப்புறம் இரண்டு கல்லை வைத்து எட்டு வடிவில் சுற்றுங்கள். கிளச்சை அந்தப் பிடிக்கும் இடத்திலேயே வைத்து, பின் பிறேக்கை இலேசாக மிதித்தபடி வேகத்தை அடக்குங்கள். பார்வை முன் சில்லில் இருக்கக் கூடாது, அடுத்ததாகப் போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். முன் பிறேக்கைத் தொடாதீர்கள். மெதுவாகத் திரும்பும்போது முன் பிறேக்கைப் பிடித்தால் பைக் அந்தப் பக்கமே விழும்.

பிறேக் பயிற்சியை நல்ல தார் நிலத்தில், பைக் நேராகப் போகும்போது மட்டும் செய்யுங்கள். 30 கிலோமீற்றர் வேகத்தில் தொடங்குங்கள். முன் பிறேக்கைப் படக்கென்று பிடிக்காமல், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். நிற்கும்போது பாரம் முன்னுக்குச் சாய்வதால் நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன் பிறேக்கினுடையது. பின் பிறேக் துணைக்குத்தான். பின் சில்லுக்கும் ஏபிஎஸ் (சில் இறுகி வழுக்காமல் தடுக்கும் அமைப்பு) உள்ள பைக்கில் பின் பிறேக்கைப் பலமாக மிதித்து, அது கால் அடியில் படபடவென்று துடிப்பதை ஒரு தடவை உணர்ந்து பாருங்கள். அந்தத் துடிப்பை முதன்முதலாக ஒரு மாட்டுக்கு முன்னால் உணர்ந்து, பயந்து காலை எடுத்துவிடக் கூடாது. புது பிறேக் கட்டைகள் பதிய நாள் எடுக்கும். முதல் நாள் பிடிப்புக் குறைவாகத் தெரிவது இயல்பு.

முதல் 1000 கிலோமீற்றரைக் குடாநாட்டுக்குள்ளேயே ஓட்டுங்கள்

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். புது இஞ்சினுக்கு ஆகாதது ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓடுவது. பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர்ச் சுவரும் ஒன்றோடொன்று உரசிப் பொருந்துவதற்கு பாரமும் வேகமும் மாறி மாறி வர வேண்டும். பளையில் இருந்து கிளிநொச்சி வரை நேராகக் கிடக்கும் ஏ9, அதற்கு எதிர்மாறானது. குடாநாட்டு வீதிகளோ சந்திக்குச் சந்தி வேகம் குறைத்துக் கியர் மாற்ற வைக்கும். காங்கேசன்துறை வீதியால் மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று ஏறி, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை பக்கம் போய், நெல்லியடி வழியாகத் திரும்புங்கள். இஞ்சினுக்குத் தேவையான எல்லாம் அதில் இருக்கிறது.

அக்சிலேற்றரைப் பாதிக்கு மேல் முறுக்காதீர்கள். உயர்ந்த கியரில் இஞ்சினைத் திணறவும் விடாதீர்கள், அதுவும் கெடுதல்தான். முதல் 150 கிலோமீற்றர் வரை புது ரயரின் மேற்பரப்பு வழுக்கும், வளைவில் சாய்க்காமல் போங்கள். உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் தோட்டத்தில் இருந்து ஏறும் உழவு இயந்திரங்கள் செம்மண்ணை வீதியில் விட்டுப்போயிருக்கும். மழை தூறினால் அந்த இடத்தில் பிறேக்கே தொடக் கூடாது.

முதல் சேர்விஸைத் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலான கம்பனிகள் 500 முதல் 1000 கிலோமீற்றருக்குள் வரச் சொல்லும். பாகங்கள் பொருந்தும்போது உதிரும் நுண்ணிய உலோகத் துகள் எல்லாம் அந்த முதல் ஒயிலில்தான் இருக்கும்.

தாம்போதியும் உப்பும்

இனி காற்றைப் பழகலாம். பண்ணைத் தாம்போதியால் வேலணைக்கும், அங்கிருந்து புங்குடுதீவு குறிகாட்டுவான் வரைக்கும் போய் வாருங்கள். சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கடல் நடுவே காற்று பக்கத்தில் இருந்து தள்ளும். ஹான்டிலை இறுக்கிப் பிடித்தால் உங்கள் உடம்பின் ஆட்டமும் ஹான்டிலுக்குப் போய்ச் சேரும். கைகளைத் தளர்த்தி, முழங்கால்களால் பெற்றோல் தாங்கியை அணைத்து, வீதி ஓரத்தில் இருந்து சற்று உள்ளே ஓட்டுங்கள். எதிரே வரும் பஸ் கடக்கும் கணத்தில் காற்று நின்று மறுபடி அடிக்கும், அதை எதிர்பார்த்திருங்கள்.

வீடு வந்ததும் அன்றைக்கே கழுவ வேண்டும். தாம்போதிக் காற்றில் வரும் உப்பு ஆணித் தலைகளிலும் செயினிலும் படிந்து, ஓரிரு நாளில் கபில நிறத்தில் துரு காட்டத் தொடங்கும். உவர்க் கிணற்றுத் தண்ணீர் பாவிக்காமல் நன்னீரால் கழுவித் துணியால் துடையுங்கள். வெயிலில் காயவிட்டால் சுண்ணாம்புப் பொட்டுகள் நிற்கும். சேர்விஸ் நிலைய அழுக்கக் குழாயைச் சில்லின் நடுப்பகுதிக்கு நேரே பிடிக்க விடாதீர்கள், பேரிங் கிறீஸ் கழுவுண்டு போகும். செயினை மண்ணெண்ணெயும் மெதுவான பிறஷும் கொண்டு துப்புரவாக்கி, உலர்ந்த பின் செயின் ஒயில் விடுங்கள். கம்பிப் பிறஷ் வேண்டாம். அது செயினுக்குள் இருக்கும் றப்பர் வளையங்களை அறுக்கும்.

எவ்வளவு பெற்றோலுக்கு எவ்வளவு தூரம்

தாங்கியை நிரப்பி, பயண மீற்றரைப் பூச்சியமாக்குங்கள். பாதிக்கு மேல் முடிந்ததும் அதே பெற்றோல் செட்டில் மறுபடி நிரப்புங்கள். 306 கிலோமீற்றருக்கு 9 லீற்றர் பிடித்தால் லீற்றருக்கு 34. 12 லீற்றர் தாங்கியில் கணக்குக்கு 408 கிலோமீற்றர் ஓடலாம். ஆனால் பாரமும் எதிர்க்காற்றும் சேர்ந்தால் அது நடக்காது, 300இல் நிரப்பிவிடுங்கள். ஒக்ரேன் 92 பெற்றோல் போதுமா 95 வேண்டுமா என்பது கைநூலில் இருக்கும். 92 போதும் என்றிருந்தால் 95க்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

பாரம் கட்டிப் பார்த்தல்

கொழும்புச் சொந்தக்காரருக்கு நல்லெண்ணெய்ப் போத்தல், மிளகாய்த்தூள், ஒடியல் மா என்று அம்மா தந்துவிடுவா. பாரமானவற்றைப் பக்கப் பைகளின் அடியில், உங்கள் சீற்றுக்குக் கிட்டவாக, இரண்டு பக்கமும் சம எடையாக வையுங்கள். பின் பெட்டி இலேசான சாமானுக்கு மட்டும். அதன் அளவு பெரும்பாலும் 3 முதல் 5 கிலோதான், பெட்டிக்குள்ளேயே எழுதியிருக்கும். பாரம் பின்னுக்கும் மேலுக்கும் போகப்போக முன் சில் இலேசாகி, ஹான்டில் ஆடத் தொடங்கும்.

பாரம் ஏற்றியதும் பின் ஸ்பிறிங்கின் இறுக்கத்தை ஒன்றிரண்டு படி கூட்டுங்கள், ரயர்க் காற்றையும் கூட்டுங்கள். ஹெட்லைற் மேல்நோக்கி எழும்பியிருக்கும், அதைச் சுவருக்கு நேரே பிடித்துப் பார்த்து இறக்குங்கள். பின்னால் ஆளை ஏற்றுவதற்கு முன் இந்தப் பாரத்தோடு தரவைக்குத் திரும்பப் போய்ப் பிறேக் பிடித்துப் பாருங்கள். நிற்கும் தூரம் கூடியிருப்பது தெரியும்.

ஆனையிறவு தாண்டி

முதல் வெளி ஓட்டத்துக்கு ஒரு வட்டம் சொல்கிறேன். நாவற்குழியில் திரும்பி, 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி, அங்கிருந்து பரந்தன், பிறகு ஏ9ஆல் ஆனையிறவு, சாவகச்சேரி வழியாக வீடு. அரை நாள் போதும். ஒவ்வொரு மணித்தியாலமும் இறங்கி, விரல் மரத்திருக்கிறதா, எந்த இடம் வலிக்கிறது என்று கவனியுங்கள். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி, பெட்டித் தாங்கி, இலக்கத் தகடு ஆகியவற்றின் ஆணிகளை ஸ்பனரால் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். புது பைக்கில் அதிர்வால் முதலில் தளர்வது இவைதான்.

இருட்ட முன் திரும்பிவிடுங்கள். பொழுதுபட்ட பின் மாடுகள் தார் சூட்டுக்கு வீதியிலேயே படுத்திருக்கும். கறுப்பு மாடு ஹெட்லைற்றில் கடைசி நேரத்தில்தான் தெரியும்.

இந்த வட்டம் நோகாமல் முடிந்தால் அடுத்தது வவுனியா வரை போய் அன்றே திரும்புவது. அதற்குப் பிறகு எங்கும் போகலாம். கொழும்புக்கு வழி பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அதிவேக வீதிகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. போனில் வழி தேடும்போது அவற்றைத் தவிர்க்கும்படி மாற்றிவிட்டு, மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம் வழியாகப் போடுங்கள்.