கால்சியம் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள்

மாதவிடாய் நின்ற பிறகு முடக்குவாதத்துக்கும் மருந்து எடுப்பவர்கள், கால்சியம் கார்பனேட் மாத்திரையை வெறும் வயிற்றில் போடாமல் சாப்பிட்ட கையோடு போடுங்கள். நாளைக்கு இரண்டு என்று எழுதியிருந்தால் சேர்த்து விழுங்காமல் மதியம் ஒன்று, இரவு ஒன்று.

கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும், அது சாப்பிடும்போதுதான் நன்றாகச் சுரக்கும். ஒரே வேளையில் சுமார் 500 மி.கி.க்கு மேல் போனால் உடல் உறிஞ்சும் பங்கும் குறைந்துவிடும். அட்டையின் பின்பக்கம் பாருங்கள்: கால்சியம் கார்பனேட் 1250 மி.கி. என்றிருந்தால் அதில் கால்சியம் 500 மி.கி.தான். பலர் கணக்கைத் தவறவிடுவது இங்கேதான். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவு, முடக்குவாதத்தின் மூட்டு அழற்சி, அதற்குப் போடும் ஸ்டீராய்டு என மூன்று பக்கமும் எலும்பு கரையும் நேரத்தில் இப்படி வீணாக்கக் கூடாது.

வலி மாத்திரையோடு தினமும் பான்டோபிரசோல் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை) போடுபவர்களுக்கு இது அவ்வளவாகப் பலிக்காது, அமிலமே குறைவாக இருக்கும். கால்சியம் சிட்ரேட்டுக்கு மாறலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதை வெறும் வயிற்றிலும் போடலாம். தைராய்டு மாத்திரை போட்டால் கால்சியத்துக்கு 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த வகையையும் தொட வேண்டாம்.